நாய்களில் நெர்வ் பிளாக்: மருந்து எங்கே போய்ச் சேருகிறது?

நரம்பைச் சுற்றி மரக்கவைக்கும் மருந்தை விட்டு வலியைத் தடுக்கும் நெர்வ் பிளாக் போட்டாயிற்று. கத்தி தோலில் பட்டதும் இதயத்துடிப்பு 90-லிருந்து 130-க்குத் தாவுகிறது. உடனே சந்தேகம் மருந்துக் குப்பியின் மேல் விழும். குப்பியில் குறை இருப்பது அபூர்வம். அந்த அறுவைக்குத் தேவையான நரம்பு விட்டுப்போயிருக்கும், அல்லது மருந்து நரம்பை ஒட்டிய வேறொரு தசை இடுக்கில் தங்கியிருக்கும், அல்லது மருந்து வேலைசெய்ய நேரம் கொடுத்திருக்க மாட்டோம். இந்தப் பதிவின் பெரும்பகுதி இரண்டாவது காரணத்தைப் பற்றியது. மற்ற இரண்டையும் முதலில் சுருக்கமாக முடித்துவிடலாம்.

பின்னங்கால் முழங்கால் மூட்டில் குரூசியேட் (மூட்டுக்குள் இருக்கும் சிலுவைத் தசைநார்) அறுவை என்றால் பின்னங்காலின் இரு பெரிய நரம்புகளான ஃபெமொரல், சயாட்டிக் இரண்டும் வேண்டும். அந்த மூட்டின் உட்புறத்துக்கு ஃபெமொரலின் கிளையான சஃபீனஸிலிருந்து கிளை வருகிறது; பின்புறத்துக்கு டிபியலும் வெளிப்புறத்துக்குப் பெரோனியலும் கிளை தருகின்றன. பின்னிரண்டும் சயாட்டிக்கின் பிள்ளைகள். ஃபெமொரலை மட்டும் எவ்வளவு கச்சிதமாகப் போட்டாலும் அது பாதி பிளாக்தான். இடுப்பு மூட்டுக்கும் தொடையெலும்பின் மேற்பகுதிக்கும் இந்த இரண்டும் சேர்ந்தாலும் போதாது. லம்பார் பிளெக்ஸஸ் (இடுப்புப் பகுதி நரம்புப் பின்னல்) அளவுக்கு மேலே போக வேண்டும், அல்லது எபிடியூரல் (தண்டுவட உறைக்கு வெளியே மருந்து விடுவது) போட வேண்டும். முன்னங்காலில் முழங்கைக்குக் கீழே என்றால் அக்குள் வழியாகப் பிரேக்கியல் பிளெக்ஸஸ் (முன்னங்காலுக்கான நரம்புப் பின்னல்) பிளாக் சரி. தோள்பட்டையை அது எட்டாது. பாதம், மணிக்கட்டு மட்டும் என்றால் மேற்கையின் நடுவில் ரேடியல், அல்னார், மீடியன், மஸ்குலோக்யூட்டேனியஸ் நான்கையும் பிடித்தால் போதும். மார்புக்கூட்டின் பக்கமே ஊசி போக வேண்டியதில்லை.

நேரத்தைப் பொறுத்தவரை, மரக்கவைக்கும் மருந்துகள் இரண்டில் லிக்னோகெயின் 5 முதல் 10 நிமிடத்தில் பிடித்து ஒன்றிரண்டு மணி நேரம் நிற்கும். பியூபிவகெயினுக்கு 15 முதல் 20 நிமிடம், சில சமயம் 30 நிமிடம்கூட ஆகும். நின்றால் 4 முதல் 6 மணி நேரம் நிற்கும். ஆகவே மயக்கம் ஏறியதும் பிளாக் போடும் இடத்தை மட்டும் முதலில் மழித்து, கிருமி நீக்கி, பிளாக்கை முடித்துவிட வேண்டும். அறுவை இடத்தை மழிப்பதும் கழுவுவதும் அதற்குப் பிறகு நடக்கட்டும். காத்திருக்கும் நேரம் அதிலேயே கழிந்துவிடும். சீக்கிரம் பிடிக்கட்டும், நெடுநேரமும் நிற்கட்டும் என்று இரண்டு மருந்தையும் ஒரே சிரிஞ்சில் கலக்கும் வழக்கம் உண்டு. எனக்கு அதில் உடன்பாடில்லை. இரண்டின் செறிவும் குறைகிறது, பியூபிவகெயின் நிற்கும் நேரம் சுருங்குகிறது, நச்சு மட்டும் கூடிக்கொள்கிறது.

அளவை முதலில் எழுதிக்கொள்ளுங்கள்

நாய்க்குப் பியூபிவகெயினின் உச்ச அளவு கிலோவுக்கு 2 மி.கி. என்று வைத்துக்கொள்வது பாதுகாப்பானது. லிக்னோகெயினுக்கு 4 முதல் 6 மி.கி. 20 கிலோ நாய்க்கு 40 மி.கி. பியூபிவகெயின் உச்சம்; 0.5 சதவீத மருந்தில் மி.லி.க்கு 5 மி.கி. இருப்பதால் அது 8 மி.லி. ஃபெமொரலுக்குக் கிலோவுக்கு 0.1 மி.லி., சயாட்டிக்குக்கும் அதே என்றால் மொத்தம் 4 மி.லி., அதாவது 20 மி.கி. உச்சத்தில் பாதிதான் செலவு. இரண்டாம் முறை முயல வேண்டி வந்தாலும் இடமிருக்கிறது.

சின்ன நாய்தான் சிக்கல். 4 கிலோவுக்கு உச்சமே 8 மி.கி., அதாவது 1.6 மி.லி. அதை அதே அளவு சலைனோடு (உப்புக் கரைசல்) சேர்த்து 0.25 சதவீதமாக்கினால் 3.2 மி.லி. கிடைக்கும். தசையின் தளர்ச்சி சற்றுக் குறையலாம், வலித் தடுப்பு போதுமான அளவு நிற்கும். இன்னொன்று: ஊசியோடு இணைத்த எக்ஸ்டென்ஷன் குழாய்க்குள்ளேயே கொஞ்சம் மருந்து தங்கும். குழாயை முன்கூட்டி நிரப்பாமல் தொடங்கினால், 0.4 மி.லி. போட்டோம் என்று நினைத்த இடத்தில் உள்ளே போனது வெறும் காற்றாக இருக்கும். அந்தக் காற்று அல்ட்ராசவுண்ட் படத்தையும் கெடுத்துவிடும்.

கையால் தடவி மட்டும் போட்டால் ஏன் தவறுகிறது

நரம்பு தசைகளுக்கு நடுவே, தசைப்படலம் பிரித்து வைத்த ஓர் இடுக்கில் ஓடுகிறது. திரவம் அந்தப் படலத்தைச் சுலபத்தில் தாண்டாது. ஊசிமுனை 3 மி.மீ. தள்ளி, ஆனால் அதே இடுக்கில் இருந்தால் மருந்து தானாகவே வழுக்கி நரம்பைச் சுற்றிக்கொள்ளும். 1 மி.மீ.தான் தள்ளி, ஆனால் படலத்துக்கு அந்தப் பக்கம் இருந்தால் இரட்டிப்பு மருந்து விட்டாலும் நரம்பு நனையாது. கூடுதல் அளவால் தவறான இடத்தை ஈடுகட்ட முடியாமல் போவது இதனால்தான்.

நரம்பின் ஒரு புள்ளி நனைந்தாலும் போதாது. மையலின் உறை போர்த்திய நாரில் சமிக்ஞை ஒரு ரான்வியர் கணுவிலிருந்து (உறையில் விழும் இடைவெளி) அடுத்ததற்குத் தாவுகிறது. ஒன்றிரண்டு கணுக்கள் அடைபட்டாலும் அவற்றைத் தாண்டிப் போய்விடும். தொடர்ச்சியாக 3 கணுக்களாவது அடைபட வேண்டும். இறந்த உடல்களில் சாயம் செலுத்திச் செய்யும் ஆய்வுகளில், நரம்பு 2 செ.மீ. நீளத்துக்கு நிறமேறியிருந்தால் வெற்றி என்று பரவலாகக் கொள்கிறார்கள். கண்ணால் பார்த்து அளக்கக்கூடிய இலக்கு அது. நரம்பை ஊசியால் தொடுவது இலக்கே அல்ல.

அல்ட்ராசவுண்டில் எதைப் பார்ப்பது

10 முதல் 15 மெகாஹெர்ட்ஸ் லீனியர் புரோப், ஆழம் 2 முதல் 4 செ.மீ. ஆழத்தைத் தேவைக்கு மேல் வைத்தால் நரம்பு திரையின் ஒரு மூலையில் கடுகளவாகிவிடும். முடியை முழுக்க மழியுங்கள். மழிக்காமல் ஸ்பிரிட் ஊற்றிச் சமாளித்தால் படமும் தேறாது, சில புரோப்களின் முகப்பும் பழுதாகும்.

நரம்பா, தசைநாணா என்று குழம்பினால் புரோப்பைக் காலின் நீளவாக்கில் மேலும் கீழும் நகர்த்துங்கள். தசைநாண் சிறிது தூரத்தில் தசையாக விரியும். நரம்பு அதே உருவத்தோடு கூடவே வரும். நரம்பு மங்கிப்போனால் அது அங்கே இல்லை என்று முடிவு கட்ட வேண்டாம்: ஒலிக்கற்றை செங்குத்தாக விழாவிட்டால் நரம்பு மறையும். இடம் மாற்றாமல் புரோப்பை 5, 10 பாகை சாய்த்தாலே பளிச்சென்று வந்துவிடும். ஊசி போகும் பாதையில் இரத்த ஓட்டத்தைக் காட்டும் டாப்ளரை ஒருமுறை போட்டுப் பாருங்கள். அழுத்திப் பிடித்த புரோப்புக்குக் கீழே சிரை நசுங்கி மறைந்திருக்கும். அழுத்தத்தைத் தளர்த்தினால்தான் தெரியும்.

சயாட்டிக்குக்கு நாயைப் பக்கவாட்டில் படுக்கவைத்து, போட வேண்டிய காலை மேலே, இயல்பாக நீட்டிய நிலையில் வையுங்கள். தொடையெலும்பின் பெரிய டுரோக்கான்டருக்கும் இஷியல் முடிச்சுக்கும் இடையே உள்ள கோட்டுக்குச் சற்றுக் கீழே, தொடையின் வெளிப்பக்கத்தில் புரோப்பைக் குறுக்காக வைத்தால், பைசெப்ஸ் ஃபெமோரிஸ் தசைக்கு அடியில் இரண்டு வட்டங்கள் ஒட்டியதுபோன்ற நீள்வட்டம் தெரியும். ஒன்று டிபியல், மற்றது பெரோனியல். ஊசி தொடையின் பின்புறத்திலிருந்து, புரோப்பின் தளத்திலேயே வர வேண்டும். புரோப்பை ஒட்டியே குத்தினால் ஊசி செங்குத்தாக இறங்கித் திரையில் காணாமல் போகும். ஒன்றிரண்டு செ.மீ. தள்ளிக் குத்தினால் சாய்வு குறைந்து முழு ஊசியும் கோடாகத் தெரியும்.

ஃபெமொரலுக்குக் காலை விரித்து, தொடையின் உட்புறத்தில் தமனியைத் தேடுங்கள். முன்னிருந்து பின்னாக நரம்பு, தமனி, சிரை என்பதே வரிசை. ஆகவே ஊசி முன்பக்கத்திலிருந்து வந்தால் நாளங்களைத் தொடாமலே நரம்பை அடையலாம். அறுவை முடிந்த அன்றே நாய் நடக்க வேண்டும் என்றால் தொடை நடுவில் சஃபீனஸை மட்டும் பிடிப்பது நல்லது, தொடையின் முன்தசையான குவாட்ரிசெப்ஸ் தளராது.

முனை தெரியாதபோது ஊசியை முன்னே தள்ளாதீர்கள். இதில் விட்டுக்கொடுக்கவே கூடாது. முனையைத் தொலைத்துவிட்டால் ஊசியை நிறுத்திவிட்டுப் புரோப்பை நகர்த்துங்கள், அல்லது புரோப்பை நிறுத்திவிட்டு ஊசியை நகர்த்துங்கள். இரண்டு கையும் ஒரே சமயத்தில் தேடத் தொடங்கினால் இரண்டும் ஒன்றையொன்று தவறவிடும். திரையில் தெரிவது முனைதானா, ஊசியின் நடுத்தண்டா என்று சந்தேகம் வந்தால் 0.2 மி.லி. சலைன் விடுங்கள். கருப்புக் குமிழ் எங்கே பிறக்கிறதோ அங்கேதான் முனை. இதற்கு மரக்கவைக்கும் மருந்தைச் செலவழிக்க வேண்டாம். சின்ன நாயில் அந்த 0.2 மி.லி. கணக்கில் வரும்.

மருந்தை விடத் தொடங்கியதும் கண்ணை ஊசியிலிருந்து எடுத்துத் திரவத்தின் மேல் வையுங்கள். நல்ல பிளாக்கில் நரம்பு தசையிலிருந்து பிரிந்து திரவத்தில் மிதக்கும். சுற்றிலும் கருப்பு வளையம் உருவாகும். ஒரு பக்கம் மட்டும் நனைந்தால் பாதி மருந்தோடு நிறுத்தி, முனையை நரம்பின் மறுபக்கத்துக்குக் கொண்டுபோய் மீதியை விடலாம். நரம்பு அசையாமல் பக்கத்துத் தசை மட்டும் கீற்றுக் கீற்றாகப் பருத்தால் முனை தசைக்குள் இருக்கிறது. நரம்பே பருத்தால் உடனே நிறுத்தி ஊசியைப் பின்னிழுங்கள். இவை எல்லாவற்றையும்விட அஞ்ச வேண்டியது, அழுத்துகிறோம், மருந்து போகிறது, திரையில் எதுவுமே விரியவில்லை என்ற நிலை. மருந்து இரத்த நாளத்துக்குள் போய்க்கொண்டிருக்கலாம். முன்னதாக இழுத்துப் பார்த்ததில் இரத்தம் வராதது சமாதானம் ஆகாது. சிறிய சிரையின் சுவர் ஊசித் துளையை அடைத்துக்கொள்ளும். ஒவ்வொரு 1 மி.லி.க்கும் ஒருமுறை இழுத்துப் பாருங்கள், திரையையும் பாருங்கள்.

நெர்வ் ஸ்டிமுலேட்டர்: வழிகாட்டியா, காவலா?

ஊசிமுனை வழியே சிறு மின்னோட்டம் விட்டு, நரம்பு தூண்டப்பட்டுத் தசை துடிக்கிறதா என்று காட்டும் கருவி இது. அல்ட்ராசவுண்ட் இல்லாத இடத்தில் இதுவே வழிகாட்டி. இருக்கும் இடத்தில் காவல். உறைபூசிய 22 கேஜ் ஊசிதான் வேண்டும்; நுனி மட்டும் திறந்திருப்பதால் மின்னோட்டம் அங்கே குவியும். எதிர்முனை ஊசிக்கு, நேர்முனை தோலில் ஒட்டும் மின்வாய்க்கு. மாற்றி இணைத்தால் அதே துடிப்புக்குப் பல மடங்கு மின்னோட்டம் தேவைப்படும். நரம்பருகே இருந்துகொண்டே தூரத்தில் இருப்பதாக நினைப்போம்.

1 மில்லிஆம்பியர், 0.1 மில்லிசெகண்ட், 2 ஹெர்ட்ஸில் தொடங்குங்கள். சரியான துடிப்பு வந்ததும் குறைத்துக்கொண்டே வந்து 0.4 முதல் 0.5-இல் துடிப்பு நிற்காமல் இருக்கிறதா என்று பாருங்கள். பிறகு 0.2-க்கு இறக்குங்கள், அங்கே துடிப்பு நின்றுவிட வேண்டும். 0.2-இலும் துடித்தால் முனை நரம்புக்குள் இருக்கலாம், சற்றே பின்வாங்குங்கள். 0.2-இல் துடிக்கவில்லை என்பதை மட்டும் வைத்துக்கொண்டு நரம்புக்கு வெளியே இருக்கிறோம் என்று உறுதியாகச் சொல்லிவிடவும் முடியாது.

‘சரியான துடிப்பு’ எது என்பதில்தான் பலர் ஏமாறுகிறார்கள். சயாட்டிக்குக்குப் பாதம் மேல்நோக்கியோ கீழ்நோக்கியோ அசைய வேண்டும். தொடையின் பின்தசை மட்டும் துடிப்பது தசைக் கிளையாலோ நேரடித் தூண்டலாலோ இருக்கும். அதை ஏற்கக் கூடாது. ஃபெமொரலுக்கு முழங்கால் சில்லு மேலேறி மூட்டு நீள வேண்டும். மேலோட்டமான தொடைத் தசையான சார்ட்டோரியஸ் மட்டும் துடித்தால் ஆழம் போதவில்லை. பிரேக்கியல் பிளெக்ஸஸில் முழங்கை மடங்கினால் மஸ்குலோக்யூட்டேனியஸ், நீண்டால் ரேடியல். மணிக்கட்டு உள்மடங்கினால் மீடியன் அல்லது அல்னார். சஃபீனஸ் வெறும் உணர்வு நரம்பு, அதில் துடிப்பை எதிர்பார்த்துக் காத்திருப்பதில் பயனில்லை. தசைத் தளர்த்தி கொடுத்த நாயிலும் இந்தக் கருவியால் உதவி இல்லை.

மருந்து 0.5 மி.லி. போனதும் துடிப்பு மறைந்தால், ‘ஆகா, பிடித்துவிட்டது’ என்று சொல்பவர்கள் உண்டு. அவ்வளவு சீக்கிரம் எந்த மருந்தும் பிடிக்காது. மின்சாரம் கடத்தும் திரவம் சூழ்ந்ததால் மின்னோட்டம் சிதறுகிறது, அவ்வளவுதான். சலைனுக்கும் இதேதான் நடக்கும். அதனால் ஸ்டிமுலேட்டரோடு முனையைத் தேடும்போது சலைனுக்குப் பதில் 5 சதவீத டெக்ஸ்ட்ரோஸ் விட்டால் துடிப்பு கலையாது.

அழுத்தும் விசையையும் கையின் அனுபவத்துக்கு விடாதீர்கள். நாய்களின் சயாட்டிக் நரம்பில் செய்து 2004-இல் வெளியான ஆய்வில், நரம்புக்குள் அதிக அழுத்தத்தில் செலுத்தியபோதுதான் நரம்புக் கற்றைகள் சிதைந்தன. மலிவான ஒரு வழி: 10 மி.லி. சிரிஞ்சை நிமிர்த்திப் பிடித்து, உலக்கைப் பக்கம் 1 மி.லி. காற்றை விட்டுவைத்து மருந்தைச் செலுத்துங்கள். அந்தக் காற்று பாதியாகச் சுருங்கினால் உள்ளே அழுத்தம் வளிமண்டல அளவுக்கு மேல் இன்னொரு மடங்கு, அதாவது சதுர அங்குலத்துக்குச் சுமார் 15 பவுண்டு ஏறிவிட்டது. நிறுத்த வேண்டிய கோடு அது. காற்று ஊசிக்குள் போகாமல் முன்பே முடித்துவிடுங்கள்.

அக்குள்

இங்கே போடும் பிரேக்கியல் பிளெக்ஸஸ் பிளாக்கில், தோள்பட்டையின் முனைக்கு உட்புறமாக, முதுகெலும்புக்கு இணையாகப் பின்னோக்கிப் போகும் ஊசி. பக்கத்திலேயே அச்சில்லரி (அக்குள்) தமனியும் சிரையும், உட்புறத்தில் விலாக்கூடும் இருக்கின்றன. முனையை உள்நோக்கிச் சாய்த்தால் நுரையீரல் உறையில் காற்று புகும். அளவு கிலோவுக்கு 0.15 முதல் 0.3 மி.லி. ஒரே நாளில் இரண்டு பக்கமும் வேண்டாம். கழுத்தின் முதுகெலும்போரமாகப் போடும் பிளாக்கில் இந்த எச்சரிக்கை இன்னும் கடுமை. உதரவிதானத்தை இயக்கும் ஃபிரெனிக் நரம்பு நாயில் 5, 6, 7-ஆம் கழுத்து நரம்புகளிலிருந்து வருவதால், இரு பக்க உதரவிதானமும் ஒரே நேரத்தில் செயலிழக்கக் கூடும்.

பல் பிளாக்குகள்

இங்கே பெரும்பாலும் எலும்புத் துளைதான் அடையாளம், 25 அல்லது 27 கேஜ் ஊசியே போதும். மேல்தாடையில் மூன்றாம் முன்கடைவாய்ப் பல்லின் பின்வேருக்கு மேலே விரல் வைத்தால் இன்ஃப்ராஆர்பிட்டல் துளை தட்டுப்படும். வாசலிலேயே மருந்தை விட்டால் முன்பகுதிப் பற்களும் உதடும்தான் மரக்கும். கடைவாய்ப் பல் பிடுங்கும்போது நாய் அசைந்தால் காரணம் இதுதான்: அந்தப் பல்லுக்கான கிளைகள் நரம்பு கால்வாய்க்குள் நுழைவதற்கு முன்பே பிரிந்துவிடுகின்றன. அதற்கு, கால்வாய்க்குப் பின்னால் நரம்பைப் பிடிக்கும் மாக்சிலரி பிளாக் வேண்டும். கூர் ஊசியை ஆழமாகத் தள்ளுவதைவிட, ஊசி எடுத்த 22 கேஜ் ஐ.வி. கதீட்டரை நீளம் அளந்து குறித்துக்கொண்டு கால்வாய் வழியே மெல்ல நகர்த்துவது நல்லது. தட்டை மூக்கு நாய்களில் கால்வாய் குட்டையாக இருக்கும், கொஞ்சம் கூடுதலாகப் போனாலும் கண்விழிக்குப் பக்கத்தில் நிற்போம்.

கீழ்த்தாடையில் கடைசிக் கடைவாய்ப் பல்லுக்குப் பின்னால், எலும்பின் உட்புறத்தில் ஒரு விரலை வைத்து நரம்புக்கட்டைத் தடவிப் பிடித்துக்கொண்டு, வெளியே தாடையின் கோணத்துக்கு முன்னால் உள்ள பள்ளத்திலிருந்து ஊசியை எலும்பை உரசியபடியே மேலேற்றுங்கள். எலும்பை விட்டு விலகி, அளவும் கூடினால் நாக்கு நரம்பும் மரக்கும். எழுந்த நாய் தன் நாக்கையே கடித்துக்கொள்ளும். 5 கிலோ நாய்க்கு உச்சம் 0.5 சதவீத பியூபிவகெயின் 2 மி.லி.தான். நான்கு இடத்துக்கும் தலா 0.5 என்றால் அங்கேயே உச்சத்தைத் தொட்டுவிடுகிறது. தலா 0.3 போதும்.

சரிபார்ப்பும் பயிற்சியும்

உரிமையாளரின் அனுமதியோடு கிடைத்த, உறையவைக்காத உடல் இதற்குச் சிறந்த ஆசிரியர். சலைனில் சில சொட்டு மெத்திலீன் புளூ கலந்து, உயிருள்ள நாய்க்குப் போடும் அதே அளவில் போட்டு, தாமதிக்காமல் அறுத்துப் பாருங்கள். நேரம் போனால் சாயம் ஊறிப் பரவிப் பொய்யான வெற்றியைக் காட்டும். நிறமேறிய நீளத்தை அளவுகோலால் அளந்து, சேமித்து வைத்த அல்ட்ராசவுண்ட் படத்தோடு பக்கத்தில் வைத்துப் பார்த்தால்தான் எந்த வளையம் 2 செ.மீ. தருகிறது, எது ஏமாற்றுகிறது என்று கண் பழகும்.

உயிருள்ள நாயில் கணக்கு எளிது. கீறுவதற்கு முன் இருந்த இதயத்துடிப்போ இரத்த அழுத்தமோ 20 சதவீதத்துக்கு மேல் ஏறினால் பிளாக் தோல்வி என்று எழுதி, வலிநிவாரணியான ஃபென்டனில் கிலோவுக்கு 1 முதல் 2 மைக்ரோகிராம் கொடுங்கள். எந்தக் கட்டத்தில் ஏறியது என்பதையும் எழுதுங்கள். தோல் கீறும்போது ஏறினால் விட்டுப்போனது ஒரு தோல் நரம்பு. மூட்டைத் திறக்கும்போது ஏறினால் கதை வேறு. நாய் எழுந்த பிறகு பின்பாதத்தின் மேற்பக்கத்தைக் கிள்ளினால் பெரோனியல், அடிப்பக்கம் டிபியல், காலின் உட்புறம் சஃபீனஸ். மூன்றுக்கும் தனித்தனியே விடை வரும். ‘பிளாக் சுமார்’ என்ற ஒற்றை வரியால் அடுத்த முறைக்கு எந்தப் பயனும் இல்லை.

நச்சு ஏறினால்: விழித்திருக்கும் நாயில் தசைத் துடிப்பும் வலிப்பும் முன்னே வரும். மயக்கத்தில் இருக்கும் நாயில் அவை மறைந்து, அழுத்தம் சரிவதும் இதயத் தாளம் குலைவதுமே முதல் அறிகுறியாக இருக்கும். ஆக்சிஜன், வலிப்புக்கு டயசிபாம் அல்லது மிடசோலாம், 20 சதவீத லிப்பிட் எமல்ஷன் (சிரைவழி கொழுப்புக் கலவை) கிலோவுக்கு 1.5 மி.லி. ஒரு நிமிடத்தில், தொடர்ந்து நிமிடத்துக்குக் கிலோவுக்கு 0.25 மி.லி. தாளம் சரியில்லை என்று லிக்னோகெயின் கொடுத்துவிடாதீர்கள். எமல்ஷன் எந்த அலமாரியில் இருக்கிறது என்பது பிளாக் போடும் முன்பே தெரிந்திருக்க வேண்டும்.

பியூபிவகெயின் இறங்குவதற்கு முன்பே அடுத்த வலிநிவாரணி உள்ளே போயிருக்கட்டும். நான்காம் மணி நேரத்தில் கொடுத்தால் இடைவெளி விழாது. சயாட்டிக் மரத்திருக்கும் வரை பாதம் மடங்கி மேற்பக்கம் தரையில் உரசும், ஆகவே மெத்தென்ற விரிப்பும் தளர்வான கட்டும் தேவை. 24 மணி நேரம் கழிந்தும் பாதம் மடங்கியே இருந்தால் அதை மருந்தின் மிச்சம் என்று விட்டுவிடாமல் முழு நரம்பியல் பரிசோதனை செய்து, ஊசி போட்ட அன்றைய பதிவில் உள்ள மின்னோட்டத்தையும் அழுத்தத்தையும் எடுத்துப் பாருங்கள்.